அத்தனை லாரியும் ஒரே வீட்டுக்கு

தண்ணி எப்படின்னு கேட்டீங்கல்ல சார், உக்காருங்க, சொல்றேன். மாடி போர்ஷன் எங்கயும் ஓடிப் போயிடாது, நிதானமா பார்த்துக்கலாம். வீடு பார்க்க வர்றவங்க எல்லாரும் முதல்ல தண்ணியத்தான் கேக்கறாங்க. "நல்லா வரும்"னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நீங்க குடி வந்த மறுநாளே எதிர்வீட்டு ஜம்ரூத் அம்மா உங்களைக் கூப்பிட்டு வச்சு வேற மாதிரி சொல்லுவாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அவங்க சொன்னா நான் திருடன் மாதிரி இருக்கும். நான் சொன்னா முட்டாள் மாதிரி இருக்கும். எனக்கு முட்டாள் பரவாயில்ல.

எனக்கு சாஃப்ட்வேர் வேலை. முன்னாடி பெரிய கம்பெனியில இருந்தேன். அவங்களுக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைச்சுட்டாங்க, அனுப்பி வச்சுட்டாங்க. வீட்ல சும்மா உக்காந்திருந்தப்ப பக்தவச்சலம் அண்ணன் வந்தாரு. மேடவாக்கம் பக்கம் தண்ணி லாரி ஓட்றவரு. வெயில் காலம் வந்துட்டா அவருக்கு போன் மேல போன். யாருக்கு லாரி போச்சு, யாருக்குப் போகலன்னு அவருக்கே தெரியாது. "குணா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுக்கு ஏதாவது பண்ணிக் குடு"ன்னாரு. தண்ணி லாரிக்கு சாஃப்ட்வேரான்னு சிரிக்காதீங்க. என் பொண்டாட்டி ரேணுகாவும் அப்படித்தான் சிரிச்சா.

அது எப்படி வேலை செய்யும்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லேன்னா கதை புரியாது. புக்கிங் வந்தா நேரா லாரிக்குப் போகாது சார். ஒரு வரிசையில போய் நிக்கும். க்யூன்னு சொல்லுவோம். அதுலருந்து ஒவ்வொண்ணா எடுத்து வேலை பார்க்க ஒரு ப்ரோக்ராம். நான் எழுதினது அதுதான். அது ஒரு புக்கிங்கை எடுக்கும். எந்த லாரி சும்மா இருக்குன்னு பார்த்து டிரைவருக்குச் சொல்லும். அப்புறம் வீட்டுக்காரங்க போனுக்கு 'லாரி கிளம்பிடுச்சு'ன்னு மெசேஜ் அனுப்பும். எல்லாம் ஆனதும் க்யூகிட்ட 'இது முடிஞ்சுது'ன்னு சொல்லும். அதைச் சொன்னாத்தான் க்யூ அந்த புக்கிங்கை விடும். நடுவுல ஏதாவது கோளாறு ஆயிடுச்சுன்னு வைங்க, எங்க பாஷையில அதுக்கு எக்ஸப்ஷன்னு பேரு, அப்ப 'முடிஞ்சுது'ன்னு சொல்ல ஆள் இருக்காது. க்யூ என்ன பண்ணும்? வேலை நடக்கலன்னு நெனச்சு அதே புக்கிங்கை மறுபடி நீட்டும். மறுபடி கோளாறா, மறுபடி நீட்டும். அதுக்குக் கோபமே வராது. என்னைவிட நல்ல குணம்.

அந்த வருஷம் சித்திரை பொறந்ததுமே எங்க போர் வத்திப்போச்சு. தெரு பூரா அதே கதைதான். ரேணுகா தினமும் சொல்றா, லாரி புக் பண்ணுங்கன்னு. எல்லாரும் போன் பண்ணி புக் பண்ணுவாங்க, அவங்க முறை வர ரெண்டு மூணு நாள் ஆகும். நான் எழுதினவனாச்சே, எனக்குன்னு ஒரு தனி ஸ்கிரீன் வச்சிருந்தேன். சோதிச்சுப் பார்க்கிறதுக்குதான். அதுல போட்டா வரிசையில முன்னாடி போய் நின்னுக்கும். அது ஒரு வசதி, அவ்வளவுதான். எல்லா கம்பெனியிலயும் இருக்கிறதுதான். அதுல எங்க வீட்டு அட்ரஸைப் போட்டேன், ரேணுகா நம்பரைப் போட்டேன். நம்பருக்கு நடுவுல அழகுக்கு ஒரு கோடு போட்டேன். மத்தவங்க புக் பண்ணும்போது நம்பர் தப்பா இருந்தா ஏத்துக்காதபடி செக் வச்சது நான்தான். என் ஸ்கிரீனுக்கு அந்த செக் வைக்கல. என் நம்பரை நானே தப்பா போடுவேனான்னு ஒரு நெனப்பு.

அந்தக் கோடுதான் சார்.

ப்ரோக்ராம் புக்கிங்கை எடுத்துச்சு. ஒரு லாரியை எங்க வீட்டுக்கு அனுப்பிச்சு. அப்புறம் மெசேஜ் அனுப்பப் போனா, 'இது என்ன நம்பரு'ன்னு மெசேஜ் கம்பெனி திருப்பி அடிச்சுது. எக்ஸப்ஷன். 'முடிஞ்சுது'ன்னு சொல்லல. க்யூ மறுபடி நீட்டிச்சு. ப்ரோக்ராம் இன்னொரு லாரியை அனுப்பிச்சு. மறுபடி எக்ஸப்ஷன். நான் பல் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள பக்தவச்சலம் அண்ணன்கிட்ட இருந்த அத்தனை லாரிக்கும் எங்க அட்ரஸ் போயிடுச்சு. லாரி தீர்ந்துபோனதாலதான் அது நின்னுச்சு. இல்லேன்னா இன்னிக்கும் வந்துட்டிருக்கும்.

முதல் லாரி வந்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஏகாம்பரம்னு ஒரு டிரைவர், ஹோஸை மாட்டி தரைக்கு அடியில இருக்கிற சம்ப்பை ரொப்பினாரு. ரொப்பி முடிக்கறதுக்குள்ள தெரு முனையில இன்னொரு லாரி ஹாரன். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. எங்க தெரு எவ்வளவு அகலம்னு பார்த்தீங்கல்ல, ஒரு லாரி நின்னா சைக்கிள் போகாது. ஒண்ணு வெளிய போகணும்னா மத்தது எல்லாம் பின்னாடி போகணும். பின்னாடி இன்னும் வந்துட்டே இருக்கு. திரும்பிப் போங்கன்னா டிரைவருங்க போக மாட்டேங்கறாங்க. லோடோட திரும்பினா ஓனர்கிட்ட பதில் சொல்லணும், இங்கதான் இறக்கணும்னு போன்ல வந்திருக்குன்னு காட்டறாங்க. எல்லா போன்லயும் என் பேரு.

நான் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, ஒரு கையில அண்ணன் போனு, காதுல அவர் திட்டறது. என்னமோ நெருப்பை அணைக்கிற மாதிரி வேர்த்துக் கொட்டுது. ரேணுகா என்ன பண்ணான்னா, கேட்டைத் திறந்து தெருவுல நின்னு, குடம் இருக்கிறவங்க எல்லாம் கொண்டாங்கன்னு ஒரு குரல் குடுத்தா. அவ்வளவுதான். குடம், பக்கெட், டிரம்மு, குழந்தையைக் குளிப்பாட்டற டப்பு வரைக்கும் வந்துடுச்சு. யார் வீட்டு சம்ப்புக்கு எந்த லாரின்னு அவளே நின்னு பிரிச்சு விட்டா. எனக்கு இந்த மாதிரி சின்ன வேலையெல்லாம் வராது. நான் உள்ள உக்காந்து பிரச்சினையோட வேரைத் தேடிட்டிருந்தேன்.

தண்ணியப் புடிச்சுக்கிட்டே என்னைத் திட்டினாங்க சார், அதுதான் எனக்கு ஆறல. குடம் ரொம்பற வரைக்கும் ஒரு பேச்சு, ரொம்பின பிறகு ஒரு பேச்சு. ஊரே தண்ணிக்கு அலையுது, இவருக்கு மட்டும் வரிசையா லாரி வருதே, இன்ஃப்ளூயன்ஸ்தானேன்னு. நான் வெளிய வந்து பொறுமையா விளக்கினேன். க்யூ சொன்னேன், மெசேஜ் சொன்னேன், எக்ஸப்ஷன் சொன்னேன். ஜம்ரூத் அம்மா பேங்க்ல மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவங்க. முழுசா கேட்டுட்டு சொன்னாங்க:

"எக்ஸப்ஷன்னா விதிவிலக்குதானே தம்பி? அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

தெருவே சிரிச்சுது. இப்படி நியாயமில்லாம பேசினா என்ன சார் பண்றது? நான் எந்த இன்ஃப்ளூயன்ஸும் பண்ணல. என் ஸ்கிரீன்ல போட்டேன், அவ்வளவுதான்.

அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் ஆபீஸுக்குப் போனேன். காலையில லாரி போக வேண்டிய இடமெல்லாம் காஞ்சு கிடந்திருக்கு. ஒரு லேடீஸ் ஹாஸ்டல்லருந்து பொண்ணுங்க பக்கெட்டோட ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துட்டாங்களாம். அண்ணன் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா தேவலாம்.

"இனிமே ஒரே புக்கிங்குக்கு ரெண்டாவது லாரி போகக் கூடாது. போச்சுன்னா நீ இந்தப் பக்கம் வராத"ன்னாரு.

அவர் சொன்னதை வரிக்கு வரி அப்படியே செஞ்சு குடுத்தேன். நான் அந்த மாதிரிதான், சொன்னா சொன்னதைச் செஞ்சுடுவேன். முதல் மாத்தம், முதல்ல மெசேஜ் அனுப்பணும், அது போனாத்தான் லாரி. ரெண்டாவது மாத்தம், எந்தக் கோளாறு வந்தாலும் சரி, அந்த புக்கிங்கை எடுத்து தனியா ஒரு இடத்துல வச்சுட்டு, க்யூகிட்ட 'முடிஞ்சுது'ன்னு சொல்லிடணும். க்யூ மறுபடி நீட்டாது. அந்தத் தனி இடத்துக்கு இங்கிலீஷ்ல செத்துப்போன கடுதாசின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு உண்டு. எனக்கு அது நல்லால்ல. தமிழ்ல 'ஓரம்'னு பேர் வச்சேன். பேர் வைக்கிறதுல நான் கொஞ்சம் கெட்டிக்காரன்.

முறையா செய்யணும்னா என்னன்னு எனக்குத் தெரியாம இல்ல. கோளாறு வந்தா கொஞ்சம் விட்டு விட்டு சில தடவை முயற்சி பண்ணணும். அப்பவும் ஆகலேன்னா ஓரமா வைக்கணும். அப்புறம் அந்த ஓரத்தை யாராவது பார்க்கணும். எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு. யாராவது பார்க்கணும்னு போட்டிருக்கே தவிர, யாருன்னு போடல. நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தேன். ஓரத்துக்கு ஒண்ணு போனா எனக்கு ஒரு மெயில் வரும். மெயில் நிறைய வந்து தொந்தரவா இருந்துச்சு. அதையெல்லாம் தானா ஒரு ஃபோல்டருக்குப் போற மாதிரி இன்னொரு ஏற்பாடு பண்ணேன். அது ரொம்ப நல்லா வேலை செஞ்சுது.

அமைதியாயிடுச்சு சார். ரெண்டாவது லாரி எங்கயும் போகல. அண்ணன் சந்தோஷம். ஒரு நாள் பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. நானும் தெருவுல கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சேன்.

அப்படி நடந்துட்டிருந்தப்பதான் ஒரு நாள் காலையில ஜம்ரூத் அம்மா எங்க வீட்டு கேட் பக்கத்துல வந்து நின்னாங்க. என்கிட்ட பேசல, ரேணுகாகிட்ட பேசினாங்க. பின் தெருவுல பிலோமினா டீச்சர்னு ஒருத்தங்க, வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில இருக்காரு. லாரி சொல்லி ஒரு வாரம் ஆகுதாம், வரலையாம். அந்தம்மா பக்கத்து வீட்ல ரெண்டு குடம், கோயில்ல ரெண்டு குடம்னு தூக்கிட்டு வந்து ஓட்டறாங்களாம். "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லும்மா, அவருக்குத்தான் லாரி சொன்ன பேச்சு கேக்குமே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தக் குத்தல் எனக்குப் புரிஞ்சுது. ஆனா மனசுல வச்சுக்கல.

ஓரத்துல டீச்சர் பேரைத் தேடினேன். இருந்துச்சு. அண்ணன்கிட்ட கெஞ்சி ஏகாம்பரம் லாரியை வாங்கிட்டு நானும் ரேணுகாவும் கூடவே போனோம். சரி செஞ்சாச்சு, ஒரு சாரி சொல்லிட்டு வந்துடலாம்னுதான் போனேன்.

டீச்சர் குள்ளமா, ஒல்லியா இருந்தாங்க. கொல்லையில கயிறு பூரா துவைக்காத போர்வையும் துணியும் சும்மா காயப் போட்டிருந்தாங்க. நாத்தம் போகறதுக்கு வெயில்ல போட்டிருக்கேன், தப்பா நெனச்சுக்காதீங்கன்னு அவங்களே சொன்னாங்க. உள்ள கட்டில்ல அவர் படுத்திருந்தாரு. லாரி சத்தம் கேட்டு கண்ணை மட்டும் திருப்பினாரு. ரேணுகா அந்தத் துணியெல்லாம் கயித்துலருந்து உருவ ஆரம்பிச்சுட்டா. டீச்சர் வேண்டாம் வேண்டாம்னு தடுக்கறாங்க, இவ கேக்கல.

ஏன் மறுபடி ஒரு போன் பண்ணி கேக்கலன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். கொஞ்சம் உரிமையாவே கேட்டேன், அவங்க மேல தப்பு இருக்கிற மாதிரி.

"வரும்னு சொன்னாங்க தம்பி. வரும்னு சொன்ன பிறகு திருப்பித் திருப்பிக் கேட்டா, நம்பலேன்னு நெனப்பாங்கல்ல"ன்னாங்க.

நான் விளக்க ஆரம்பிச்சேன். விளக்கறதுன்னா எனக்கு வரும். இந்த மாதிரி மெசேஜ் போகல, கோளாறாச்சு, அதனால உங்க புக்கிங்கை ஓரமா எடுத்து வச்சிருந்துச்சு, தொலையல, பத்திரமாத்தான் இருந்துச்சுன்னேன். டீச்சர் ஜம்ரூத் அம்மா மாதிரி குத்திப் பேசல. நல்ல பிள்ளை பாடம் கேக்கற மாதிரி முழுசா கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க:

"அந்த ஓரத்துல நான் மட்டும்தானா?"

நான் பார்க்கல சார். அவங்க பேரைத் தேடினேன், கிடைச்சுது, மூடிட்டேன். வேற யாரு இருக்காங்கன்னு பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவங்க முன்னாடியே போனைத் திறந்தேன். மேல தள்ளினா போயிட்டே இருக்கு. அடையாறு ஆத்துல ஆகாயத்தாமரை மிதக்கிற மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது. பல பேரு மறுபடி போன் பண்ணி வேற நம்பர்ல புக்கிங் போட்டு தண்ணி வாங்கியிருந்தாங்க. அதைக் கழிச்சாலும் மிச்சம் இருந்துச்சு. ரேணுகா ஈரக் கையோட வந்து எட்டிப் பார்த்தா. நான் என்ன கோளாறுன்னு படிக்கிறேன், அவ நம்பரைப் படிக்கிறா.

"எல்லாம் வீட்டு போனுங்க"ன்னா. "செல்போன் இல்லாத பெரியவங்களாப் பார்த்து ஓரங்கட்டியிருக்கீங்க."

நான் ஓரங்கட்டல, லேண்ட்லைனுக்கு மெசேஜ் போகாது, முன்னாடி கண்டுக்காம விட்ட மெசேஜ் கம்பெனி இப்ப திருப்பி அடிக்குது, அதனால எக்ஸப்ஷன் வந்துச்சு, எக்ஸப்ஷன்தான் ஓரங்கட்டிச்சுன்னேன். உள்ள கட்டில்லருந்து அவர் ஏதோ சொன்னாரு, வார்த்தை புரியல. டீச்சர் போய் குனிஞ்சு கேட்டுட்டு வந்து, "முதல்ல அவங்களுக்கெல்லாம் போய் ஊத்தச் சொல்றாரு, எங்களுக்குப் பாதி போதுமாம்"ன்னாங்க.

பாதியோட நிறுத்திட்டு கிளம்பினோம். ஏகாம்பரம் ஓட்டறாரு, நடுவுல ரேணுகா, ஓரத்துல நான். லோடு தீரத் தீர திரும்பிப் போய் ரொப்பிட்டு வந்தோம். ஒவ்வொரு வீடா அவ இறங்கிக் கூப்பிட்டா. ஒரு தாத்தா எங்களை வாசல்லயே நிக்க வச்சு, நான் எந்தத் தேதியில போன் பண்ணேன், யார் எடுத்தாங்க, என்ன சொன்னாங்கன்னு முழுசா சொல்லி முடிச்ச பிறகுதான் கேட்டைத் திறந்தாரு. ரெண்டு அக்கா தங்கச்சி, ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல, நீதான் லாரி வேண்டாம்னு சொல்லிட்டன்னு இவங்க அவங்களை, அவங்க இவங்களைன்னு ஒரு வாரமா பேசிக்காம இருந்திருக்காங்க. லாரியைப் பார்த்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. சேர்த்து வச்சதுல எனக்குக் கொஞ்சம் பங்கு இருக்குன்னு வச்சுக்குங்களேன்.

கடைசி வீடு ஏரிக்கரைப் பக்கம். கேட்ல பூட்டு. வாசல் முருங்கை மரம் வாடிப் போய் நிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னாரு, வயசான புருஷன் பொண்டாட்டி, தினமும் காலையில வெளிய வந்து லாரி வருதான்னு தெரு முனையைப் பார்ப்பாங்களாம். கடைசியில பெங்களூர்லருந்து மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம். போக மனசே இல்லாமத்தான் போனாங்கன்னாரு. எப்பப் போனாங்கன்னு கேட்டேன். நேத்துன்னாரு.

ஏகாம்பரம் லாரியை ஆஃப் பண்ணல. எங்க இறக்கட்டும் சார்னு கேட்டாரு. ரேணுகாதான் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அவர் சம்ப்புல இறக்கச் சொன்னா. ரெண்டு பக்கெட்டை மட்டும் புடிச்சு, கேட்டு வழியா கையை விட்டு அந்த முருங்கைக்கு ஊத்தினா. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவ என்கிட்ட பேசல. எனக்கு அது ஏன்னு இன்னிவரைக்கும் புரியல. அவ்வளவு பேருக்கு தண்ணி குடுத்துட்டுத்தானே வந்தோம்.

இப்போ எல்லாம் சரி பண்ணிட்டேன் சார். ஒரு புக்கிங்கை எடுத்ததும், இதுக்கு ஏற்கெனவே லாரி போயிருக்கான்னு முதல்ல பார்க்கும். போயிருந்தா மறுபடி அனுப்பாது. மெசேஜ் போகலேன்னா போகட்டும், அதுக்காக லாரி நிக்காது. விட்டு விட்டு முயற்சி பண்ணும். அப்பவும் ஆகலேன்னாத்தான் ஓரம். ஓரத்துல ஒண்ணு விழுந்தா இப்ப மெயில் வராது, ரேணுகா போன் மணி அடிக்கும். அவ சமையலை விட்டுட்டு வந்து அந்த வீட்டுக்குப் பேசுவா, என்ன விஷயம்னு கேப்பா, ஏகாம்பரத்துக்குச் சொல்லுவா. டெக்னிக்கலா அது ஒண்ணுமே இல்ல, சும்மா போன் பேசறதுதான். அண்ணன்கூட போன வாரம், "குணா, உன் சிஸ்டம் இப்பத்தான்டா ஒழுங்கா ஓடுது"ன்னாரு. நான் அடக்கமா இருந்துட்டேன். அடுத்த வெயிலுக்கு ஆபீஸ்ல வந்து உக்காரச் சொல்லி ரேணுகாவைத்தான் கேட்டிருக்காரு, என்னைக் கேக்கல. பரவாயில்ல, நான் வீட்லருந்தே பார்த்துக்குவேன்.

ஓரம் இப்ப சுத்தமா இருக்கு. ஒண்ணே ஒண்ணைத் தவிர. அந்த ஏரிக்கரை வீட்டு புக்கிங். ரேணுகா அழிக்கச் சொல்றா, அவங்கதான் ஊரைவிட்டே போயாச்சே, அதை ஏன் வச்சிருக்கீங்கன்னு. டெஸ்டிங்குக்கு வேணும்னு சொல்லியிருக்கேன். சாஃப்ட்வேர்னா அப்படி ஒண்ணு வச்சுக்கறது நல்லது.

அந்த நம்பருக்கு எப்பயாச்சும் ஒரு தடவை அடிச்சுப் பார்ப்பேன் சார். கனெக்‌ஷனை இன்னும் வெட்டல போல. மணி போகுது.